அக்கா கேட்ட நல்லி எலும்பு

மாஸ்கோவில் விளையாட்டுப் போட்டி நடத்தி முடித்து, ரப்பர் கரடி ஒன்றைப் பலூன்களில் கட்டி வானத்தில் பறக்கவிட்டார்களே, அந்த வருஷம். கடைக்கார குஸ்மா பத்திரிகைப் படத்தைக் காட்டினான். வடகோடியில் பனிமான் மேய்க்கிற எங்கள் ஆட்கள் கரடியைப் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிடமாட்டார்கள்; தாத்தா என்பார்கள். "தாத்தாவைக் காத்துல விட்டுட்டாங்களா? அப்ப இந்தக் குளிர்காலம் சும்மா போகாது" என்றாள் என் மனைவி சேர்னே.

போகவில்லை. அக்டோபரில் என் அக்கா ஹாத்னேயின் பனிவண்டி கவிழ்ந்தது. வலது கால் சட்டத்துக்கு அடியில் மாட்டி, எட்டு மணி நேரம் பனியில் கிடந்தாள். ஹெலிகாப்டர் வந்து நகரத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனது. நவம்பரில் பனிமேல் மழை பெய்தது. பெய்த மழை உறைந்தால் தரை முழுக்கக் கண்ணாடி. மான் தின்னும் பாசி அடியில் இருக்கும், தோண்டுகிற குளம்புக்கு எட்டாது.

எனக்கு எழுத்து தெரியாது. அக்காவுக்கும் தெரியாது. நான் சொன்னதை எழுதியதும், வந்ததைப் படித்துக் காட்டியதும் குஸ்மா. கெட்டவன் இல்லை, ஆனால் எந்த மந்தை எங்கே மேய வேண்டும் என்று எல்லை போடும் அரசுப் பண்ணை அலுவலகத்தோடு வாரம் ஒருமுறை வானொலிப் பெட்டியில் பேசுகிறவனும் அவன்தான். அக்கா பக்கம் யார் எழுதினார்கள் என்பது தன்னாலே தெரியவரும். ஒருமுறை காதில் விழுந்தது எனக்கு மறந்து போகாது. சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

*

12 நவம்பர் 1980

ஹாத்னே அக்காவுக்கு, தம்பி எதெய்கோ சொல்லி எழுதுவது. கூடாரத்துப் புகை நேராக மேலே போகிறது, தின்கிறோம், தூங்குகிறோம். நீ எப்படி இருக்கிறாய்? கால் எலும்பு கூடிவிட்டதா?

சேர்னே உன் கிண்ணத்தை உன் இடத்திலேயே வைத்திருக்கிறாள். உன் நாய் உன் வண்டிமேல் படுத்துக்கொண்டு யாரையும் கிட்டே விடுவதில்லை. மான்கள் நலம். நாங்கள் ஏரிக்கரையில்தான், விமானத் திடலுக்குப் பக்கத்தில். ஏப்ரலில் மந்தை வளைகுடாப் பனியைத் தாண்டி வடக்கே போவதற்கு முன் நீ வந்துவிட வேண்டும். விமானம் இறங்கும் இடத்தில் வண்டியோடு நிற்பேன்.

நாய் உட்பட எல்லோரும் விசாரிக்கிறோம்.

எதெய்கோ

*

30 நவம்பர்

தம்பி எதெய்கோவுக்கு, உன் அக்கா. சாகவில்லை. சேர்னேயின் இருமல் நின்றதா? என் கால் வலி தீர்ந்துவிட்டது, அதைப் பற்றி இனிப் பேச்சு வேண்டாம்.

இங்கே மூன்று வேளை சாப்பாடு. ஏற்கெனவே செத்ததை மூன்று மணி நேரம் வைத்து மறுபடி கொல்கிறார்கள். முட்டைக்கோஸ், கஞ்சி, சாம்பல் நிறத்தில் ஏதோ இறைச்சி. சமையல்காரி வந்து, "சூடா இருக்கும்மா, ஊதிச் சாப்பிடு" என்கிறாள். "சூடா இருந்தா உயிரோட இருக்குன்னு அர்த்தமாடி? உன் முட்டைக்கோஸுக்கு நாடி பிடிச்சுப் பாத்தியா?" என்று கேட்டேன். என் கோட்டுக்குள் காய்ந்த இறைச்சித் துண்டு ஒன்று மிச்சம் இருந்தது. நம் வழக்கப்படி பல்லால் கடித்துப் பிடித்து, உதட்டருகே கத்தியால் கீழிருந்து மேலாக அறுத்தேன். அவள் போட்ட கூச்சலில் மாடி முழுக்க ஓடி வந்தது. மூக்கை அறுத்துக்கொள்கிறேன் என்று நினைத்தார்களாம். கத்தியைப் பிடுங்கிவிட்டார்கள்.

டாக்டர் சொல்கிறார், நாற்பத்திரண்டு கிலோ வந்தால்தான் வீடு. நான் முப்பத்தொன்பது. வேகவைத்ததைத் தின்றால் மூன்றே வாரத்தில் வந்துவிடுமாம். எனக்கு வராது, வாந்திதான் வரும். பச்சையாக ஏதாவது அனுப்பு.

இதை எழுதிக்கொடுப்பதும் அந்தச் சமையல்காரிதான். இதையும் எழுதுடி.

ஹாத்னே

(எழுதிவிட்டேன். என் பெயர் தமாரா. உங்கள் அக்கா திட்டியதில் பாதியைத்தான் எழுதியிருக்கிறேன். மீதிக்கு எங்கள் மொழியில் வார்த்தை இல்லை. வார்டில் வேறு யாருக்கும் இவரோடு பொறுமை இல்லாததால் எழுதுவது என் தலையில் விழுந்தது. பச்சை இறைச்சி கொடுத்தால் என் வேலை போய்விடும். அதற்காக நான் யாரையும் பட்டினி போடுகிறவள் இல்லை.)

*

14 டிசம்பர்

அக்காவுக்கு, எதெய்கோ. இங்கே குளிர் பூஜ்யத்துக்குக் கீழே நாற்பத்தைந்து. எங்கள் உடம்புக்கு ஒன்றுமில்லை. உனக்கு ஆகாரம் இறங்குகிறதா?

ஏரியில் பனியைத் துளைத்துப் பிடித்த வெள்ளை மீன் பத்து, சாக்கில் வைத்துத் தைத்து அனுப்புகிறேன். கொழுத்த மீன். தமாரா அம்மாளுக்கு ஒரு வார்த்தை: அடுப்பருகே வைக்காதீர்கள். வாலை மேலாக நிறுத்தி, தோலை உரித்து, விரல் நுனி தெரிகிற அளவுக்கு மெல்லிசாகச் சீவுங்கள். சீவல் நாக்கில் உருக வேண்டும், தட்டில் அல்ல. உப்பு ஒரு சிட்டிகை. அவ்வளவுதான் சமையல்.

மான்கள் நலம்.

எதெய்கோ

*

5 ஜனவரி 1981

தம்பிக்கு, அக்கா. புது வருஷத்திலும் மூச்சு ஓடுகிறது. நீங்கள் எப்படி?

உன் மீனில் மூன்று சூப்பாகிவிட்டது. நான் தூங்கி எழுவதற்குள் நடந்த கொலை. "கண்ணு முழிச்சுப் பாத்துட்டே இருந்துச்சும்மா, எனக்கு மனசு கேக்கல, சட்டியில போட்டுட்டேன்" என்கிறாள் இவள். "கண்ணு முழிச்சிருந்தா கொதிக்கிற தண்ணியில போடுவியா? உன் புருஷனை எப்படி எழுப்புவே?" என்றேன். வார்டே சிரித்தது. மிச்சம் ஏழும் தப்பித்தன. வலைப்பையில் போட்டு, மூன்றாம் மாடி ஜன்னலுக்கு வெளியே தொங்கவிட்டிருக்கிறேன். இந்த ஊரில் அத்தனை பேரும் வெண்ணெயை அப்படித்தான் தொங்கவிடுகிறார்கள், யாரும் கேட்கவில்லை. மீனைச் சீவக் கத்தி எப்படிக் கிடைத்தது என்று எழுத வேண்டாம் என்கிறாள், அதனால் எழுதவில்லை. பக்கத்துக் கட்டில்காரிகளும் கை நீட்டுகிறார்கள். ஈறில் வடிந்த ரத்தம் நின்றுவிட்டது.

மீன் போதும். நல்லி எலும்பு அனுப்பு. முன்னங்கால், முழங்காலுக்குக் கீழே. நவம்பரில் இந்த ஜன்னல் கண்ணாடியில் மழை அடித்தது எனக்குக் கேட்டது, தம்பி.

ஹாத்னே

*

இதைக் குஸ்மா படித்துக் காட்டிய அன்று எங்கள் மந்தையில் இருநூறு மான் செத்துக் கிடந்தது. நின்றவற்றின் விலா எலும்பைத் தூரத்திலிருந்தே எண்ணலாம். நல்லி எலும்பை உடைத்தால் அக்காவுக்குத் தெரிந்துவிடும். கொழுத்த மானின் நல்லி வெள்ளை வெளேரென்று வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு வரும். பட்டினி மானுக்கு அது சிவந்து, தண்ணீராகத் தளும்பும். வேகவைக்கிறவர்களுக்கு இது தெரிய வழியில்லை. பச்சையாகத் தின்கிறவர்களிடம் மறைக்க முடியாது.

*

22 ஜனவரி

அக்காவுக்கு, எதெய்கோ. எல்லோரும் இருக்கிறோம். நீ இளைக்காமல் இருக்க வேண்டும்.

எலும்பு கனம் அதிகம், விமானத்தில் எடை பார்க்கிறார்கள். அதனால் மீனே அனுப்பியிருக்கிறேன், இந்தத் தடவை பதினைந்து. தொடைவரை வரும் ஒரு ஜோடி பூட்ஸும் வைத்திருக்கிறேன், சேர்னே உனக்காகத் தைத்தது. மழை என்று பெரிதாக ஒன்றுமில்லை, கொஞ்சம் தூறல். மான்கள் நலம். ஏரிக்கரையில்தான் இருக்கிறோம்.

எதெய்கோ

*

10 பிப்ரவரி

தம்பிக்கு, அக்கா. இருக்கிறேன். முப்பத்தெட்டு கிலோ இருக்கிறேன்.

சேர்னேயின் தையலுக்கு நிகரில்லை என்று சொல். இடது பூட்ஸ் அளவு கச்சிதம், நல்ல கதகதப்பு.

டாக்டர் ஜன்னல் பையைக் கண்டுபிடித்துவிட்டார். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, குழந்தைக்குச் சொல்வதுபோல், "அம்மா, இது இருபதாம் நூற்றாண்டு. பச்சையாத் தின்னா வயித்துல புழு வரும்" என்றார். நான் சொன்னேன்: "உங்க ஊர்க் கப்பல் ஒண்ணு எங்க கரையில பனியில மாட்டிக்கிச்சு. டப்பா சாப்பாடா தின்னு, ஈறு அழுகி, பல்லு பல்லா உதிர்ந்து செத்தாங்க. எங்க அப்பாவைப் பெத்தவரு நீட்டின பச்சை ஈரலை ஒருத்தன்தான் வாங்கித் தின்னான். அவன் மட்டும்தான் சொந்தக் காலால நடந்து ஊர் போனான். புழுவோட போனானோ என்னவோ, போனான்." எழுந்து போய்விட்டார். பையையும் எடுத்துக்கொண்டு போனார்.

எலும்பு கேட்டால் மீன் வருகிறது. விமானத்தில் பத்து மீன் ஏறுமாம், பதினைந்து மீன் ஏறுமாம், ஓர் எலும்பு ஏறாதாம். உன்னை முதுகில் சுமந்து வளர்த்தவள் நான். பொய் சொன்னால் உன் காது சிவக்கும், கடிதத்தில்கூடத் தெரிகிறது. இந்தத் தடவை எலும்பு வரவில்லை என்றால் நான் எதையும் தொடமாட்டேன், மீனைக்கூட.

ஹாத்னே

(சொன்னால் செய்வார். தயவுசெய்து அனுப்புங்கள். டாக்டர் நல்லவர்தான், பயப்படுகிறார். இவர் மெலிந்தால் பொறுப்பு அவருடையது. தமாரா.)

*

25 பிப்ரவரி

அக்காவுக்கு, எதெய்கோ. நலம்.

கேட்டது இத்துடன் வருகிறது. இருப்பதில் நல்லது இதுதான். சாப்பிடு.

எதெய்கோ

*

11 மார்ச்

தம்பிக்கு, அக்கா. என்னை விசாரிக்க வேண்டாம். நானும் உன்னை விசாரிக்கப்போவதில்லை. நீ எப்படி இருக்கிறாய் என்று எலும்பு சொல்லிவிட்டது.

தமாராவின் இறைச்சிச் சுத்தியலால் உடைத்தேன். இவள் குனிந்து பார்த்து, "ரத்தம் நல்லதுதானேம்மா, சத்துதானே?" என்றாள். பாவம், அவளுக்கு என்ன தெரியும். மானுக்கு முதலில் முதுகுக் கொழுப்பு போகும். அப்புறம் குண்டிக்காயைச் சுற்றி இருப்பது. அப்புறம் தொடை நல்லி. முழங்காலுக்குக் கீழே இருப்பதுதான் கடைசி. அதுவே சிவந்து தண்ணீராக இருக்கிறது. இருப்பதில் நல்ல மான் இதுவென்றால், மீதி மான்கள் எப்படி நிற்கின்றன என்று நீ சொல்ல வேண்டியதில்லை.

அப்பா இதே மாதிரி ஒரு வருஷத்தில் மந்தையைக் கிழக்கு ஆற்றங்கரைக் காட்டுக்கு ஓட்டிப்போனார். மரத்தடியில் பனி பொலபொலவென்று இருக்கும்; மரத்திலும் பாசி தொங்கும். உனக்கு ஏழு வயது, மறந்திருக்காது. உனக்கா மறக்கும்? அப்படியானால் ஏன் இன்னும் ஏரிக்கரையிலேயே நிற்கிறாய்? அலுவலகம் போட்ட எல்லைக்கோட்டைத் தாண்டப் பயமா? குஸ்மா, இதைச் சத்தமாகப் படி, பெட்டியிலும் சொல்: எதெய்கோவைக் காட்டுக்குப் போகச் சொன்னது ஹாத்னே. வழக்குப் போடுகிறவர்கள் மூன்றாம் மாடி, ஆறாவது வார்டுக்கு வரட்டும்.

இல்லை, அலுவலகத்துக்குப் பயந்து நீ நிற்கவில்லை. விமானத் திடல் பக்கத்தில் இருக்கிறது என்று நிற்கிறாய். எனக்காக நிற்கிறாய். ஒரு கிழவியைக் கூட்டிவர ஆயிரம் மானைக் கொல்கிறாய். நாளைக்கே கிளம்பு. நான் வந்துகொள்வேன். எப்படி என்று கேட்காதே.

ஹாத்னே

*

படித்து முடித்ததும் குஸ்மா கடிதத்தை மடித்து என்னிடம் கொடுத்தான். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டான்.

"நான் இன்னிக்குக் கண்ணாடி கொண்டு வரல எதெய்கோ. எதையும் படிக்கல. பெட்டிக்கும் பாட்டரி தீந்து போச்சு."

"எப்ப வரும் பாட்டரி?"

"காட்டுக்கு எத்தனை நாள் ஆகும்?"

"ஒன்பது."

"அப்ப பத்தாம் நாள் வரும். பதிலைச் சொல்லு, கண்ணாடி இல்லாமலே எழுதறேன்."

*

20 மார்ச்

அக்காவுக்கு, எதெய்கோ. நாளை கிளம்புகிறோம். முந்நூற்று நாற்பது போய்விட்டது. உன்னுடையது என்று காதில் குறி போட்டவற்றில் பதினொன்று. இதை முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

நீ வரும்போது திடலில் நான் நிற்கமாட்டேன். உன் வண்டியைக் கட்டிக் கூடவே ஓட்டிப்போகிறேன். நாய் அதன்மேல்தான்.

எதெய்கோ

*

ஒன்பது நாள் என்றேன், பன்னிரண்டு ஆனது. வழியில் இன்னும் முப்பது மான் விழுந்தது. காட்டுக்குள் நுழைந்ததும் அவை தலையைத் தூக்கவே இல்லை. பனிக்குள் கழுத்துவரை புதைத்துத் தோண்டித் தின்றன. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே சேர்னே அழுதாள்.

ஏப்ரல் பதினேழு, காலை. எண்ணெய்க் கிணற்றுக்காரர்களின் ஹெலிகாப்டர் ஒன்று எங்கள் புகையைப் பார்த்துவிட்டு ஆற்றுப் பனியில் இறங்கியது. கதவு திறந்ததும் முதலில் ஓர் ஊன்றுகோல் பனியில் வந்து விழுந்தது. அதன் பின்னால் இன்னொன்று. அப்புறம் விமானி முதுகில் அக்கா. சேர்னே தைத்த பூட்ஸில் ஒன்றுதான் தொங்கியது. வலது பக்கம் தொடைக்குக் கீழே வெறும் கோட்டு.



"ஏன்டா வாயைப் பொளந்துட்டு நிக்கறே? மான் எத்தனை நிக்குது?"

"கால் எங்கேக்கா?"

"நான் கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"எண்ணூத்தி முப்பது."

"போதும். என்னை என் வண்டியில வை. இந்தப் பையனுக்கு ஏதாவது தின்னக் குடு, வழியெல்லாம் என் காலைப் பாத்துட்டே வந்தான்."

அக்டோபரிலேயே எடுத்துவிட்டிருக்கிறார்கள். குளிரில் கருகிப்போனதாம். அவள் எனக்கு எழுதிய ஒவ்வொரு கடிதமும் ஒற்றைக் காலோடு எழுதியது. அவளிடம் நல்லியை மறைக்கப் பார்த்த நான், பூட்ஸில் ஒன்றை மட்டும் அவள் புகழ்ந்ததைக் காதால் கேட்டும் புரிந்துகொள்ளவில்லை.

விருந்தாளி வந்தால் மான் அறுப்பது வழக்கம். அந்த நிலையில் அறுக்கலாமா என்று சேர்னே என்னைப் பார்த்தாள். "என் குறி போட்டதை அறு, யாரைக் கேக்கணும்?" என்றாள் அக்கா. சுருக்கு வீசிப் பிடித்து, ரத்தம் தரையில் சிந்தாமல் கழுத்தை இறுக்கி, வயிற்றைத் திறந்தோம். வண்டியில் உட்கார்ந்தபடியே கிண்ணத்தை நீட்டினாள். ஆவி பறக்கிற ரத்தம். ஆறு மாதத்துக்குப் பிறகு முதல் கிண்ணம். ஈரலை ரத்தத்தில் தோய்த்து, உதட்டருகே அறுத்துத் தின்றாள். விமானி ரொட்டியை வைத்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். "பாத்து, தம்பி, ரொட்டி கடிச்சிடப்போவுது" என்றாள்.

போகும்போது விமானி ஓர் உறையைக் கொடுத்தான். காட்டில் படிக்கத் தெரிந்தவர் யாருமில்லை. வளைகுடாவைத் தாண்டி, வடக்கே கோடையைக் கழித்து, இலையுதிர் காலத்தில் திரும்பிக் குஸ்மாவின் கடைக்கு வரும்வரை அதைச் சட்டைக்குள் வைத்திருந்தேன். அக்காவுக்கு அதில் என்ன இருக்கிறது என்று தெரியும். ஆறு மாதம் நான் கேட்டும் சொல்லவில்லை.

*

15 ஏப்ரல்

எதெய்கோ அண்ணனுக்கு, தமாரா. நான் நலம், நீங்களும் உங்கள் மந்தையும் நன்றாக இருக்க வேண்டும். உங்கள் அக்கா பக்கத்தில் இல்லாமல் நான் எழுதுகிற முதல் கடிதம், அதனால் யாரும் திட்டாமல் எழுதுகிறேன்.

காலைப் பற்றி எழுதக் கூடாது என்று முதல் நாளே சத்தியம் வாங்கிக்கொண்டார். "அவனுக்குத் தெரிஞ்சா மந்தையை விட்டுட்டு வந்து என் கட்டில் காலடியில உக்காருவான்" என்றார். என்னை மன்னியுங்கள்.

நேற்று எடை பார்த்தார்கள், நாற்காலியோடு வைத்து, நாற்காலியின் எடையைக் கழித்து. உண்மையில் அவர் முப்பத்தேழு. சடையில் கோத்த பித்தளை வில்லைகள் இரண்டு கிலோ. அவிழ்க்கச் சொன்னதற்கு, "எங்க ஊர்ல சடையை அவுத்தா வீட்டுல சாவு விழும், யார் சாகணும், நீயே சொல்லு" என்று நர்ஸைக் கேட்டார். அவள் பயந்து விட்டுவிட்டாள். அப்படி ஒரு வழக்கம் கிடையாது என்று பிறகு என்னிடம் சொன்னார். மீதி மூன்று கிலோ என் சமையலறைத் தராசின் படிக்கற்கள், இடுப்புத் துணிக்குள் நான் வைத்துத் தைத்தது. முள் நாற்பத்திரண்டில் நின்றது. டாக்டர் முள்ளைப் பார்த்தார், உங்கள் அக்காவின் கன்னத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கையெழுத்துப் போட்டார். அவருக்கும் தெரிந்துவிட்டது என்றே நினைக்கிறேன்.

படிக்கற்கள் குறைகின்றன என்று கிடங்கில் கேட்டால் என்ன சொல்வது என்று யோசிக்கிறேன். அவற்றை அவர் கழற்றித் தரவில்லை. வழியில் யாராவது மறுபடி நிறுத்துப் பார்த்தால் என்ன செய்வது என்கிறார்.

நீங்கள் அவரைத் திருப்பி அனுப்பக் கூடாது. அனுப்பினால் நான் கஞ்சி வைப்பேன் என்று சொல்லுங்கள்.

தமாரா

*

அக்கா அதற்குப் பிறகு பதின்மூன்று குளிர்காலம் இருந்தாள். ஒற்றைக் காலோடு வண்டி ஓட்டினாள். வேகவைத்த எதையும் தேநீர் தவிரத் தொடவில்லை. கடைசி நாள்வரை வாயில் பல் இருந்தது, யாரையும் கடிக்கிற அளவுக்கு. எல்லையைத் தாண்டியதற்கு அலுவலகம் எனக்குத் தண்டனை போட்டது, ஒரு வருஷம் மந்தைத் தலைவன் பதவியில்லை. அந்த வருஷம் அக்கா தலைவியாக இருந்தாள். கேட்க யாரும் வரவில்லை. குஸ்மா அவளுக்கு இரண்டு வருஷம் முன்னால் போய்விட்டான். அந்த டாக்டர் தெற்கே மாற்றலாகிப் போய் அங்கேயே செத்தாராம். சேர்னே போய் ஒன்பது வருஷம்.

இந்தக் கடிதங்களில் வருகிறவர்களில் என்னைத் தவிர இன்னும் ஒருத்தி இருக்கிறாள். போன குளிர்காலத்தில் யாரோ கைபேசியில் பேசவைத்தார்கள். "மீன் அனுப்பட்டுமா?" என்றேன். "அனுப்புங்க அண்ணே, சூப் வைக்கறேன்" என்றாள். இத்தனை வருஷத்தில் பச்சையாக ஒரு சீவலைக்கூட நாக்கில் வைத்ததில்லையாம், இனியும் வைக்கமாட்டாளாம். தமாரா.